பட்டினி போட்டால் பூஞ்சை சாகுமா?

முதுகலை நுண்ணுயிரியல் படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: "மனித உடலால் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்களைப் பூஞ்சைகள் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. அந்தத் தயாரிப்பை நிறுத்தும் மருந்து, நமக்குக் கெடுதல் செய்யாமல் பூஞ்சையை மட்டும் கொல்ல வேண்டுமே. இவ்வளவு நேரான யோசனை இருந்தும் ஏன் அப்படி ஒரு மருந்து இன்னும் வரவில்லை?"

யோசனை நல்லதுதான். ஆனால் அதில் பாதிதான் சரி. தயாரிப்பை நிறுத்துவதால் மட்டும் பூஞ்சை செத்துவிடாது. எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சாவும் பிழைப்பும். அது எந்த இடம் என்று கண்டுபிடிக்கவே இந்தத் துறைக்குக் கிட்டத்தட்ட முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. விவரமாகச் சொல்கிறேன்.

முதலில், பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று பார்த்துவிடுவோம். பாக்டீரியாவுக்கும் நமக்கும் உறவு வெகு தூரம். அதன் செல்சுவர், அதன் ரைபோசோம் எல்லாமே வேறு மாதிரி. அதனால்தான் பெனிசிலின் மாதிரி மருந்துகள் நம் செல்லைத் தொடாமல் பாக்டீரியாவை அடிக்கின்றன. பூஞ்சை அப்படியில்லை. உயிரினங்களின் குடும்ப மரத்தில் அது செடிகொடிகளை விட நமக்கு நெருக்கமான கிளையில் இருக்கிறது. அதற்கும் நமக்கும் உள்ள உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, புரதம் தயாரிக்கும் எந்திரம் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பூஞ்சையைக் கொல்வது பெரும்பாலும் நம்மையும் தாக்கும். உடலுக்குள் பரவிய பூஞ்சைத் தொற்றுக்குக் கையில் இருப்பவை நாலே நாலு வகை: 1950-களில் வந்த ஆம்ஃபோடெரிசின் பி, ஃப்ளூகோனசோல் போன்ற அசோல்கள், 2001-இல் காஸ்போஃபஞ்சினுடன் தொடங்கிய எக்கினோகாண்டின்கள், அப்புறம் துணை மருந்தாகப் பயன்படும் ஃப்ளூசைட்டோசின். ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அசோல்களுக்கு மசியாத பூஞ்சைகள் பெருகிவிட்டன.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது "கருப்புப் பூஞ்சை" என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டோம். தமிழ்நாட்டிலும் அந்த மே மாதம் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். ஆம்ஃபோடெரிசின் ஊசிக்காக மருத்துவமனை மருத்துவமனையாகக் குடும்பங்கள் அலைந்தன. ஒரு மருந்து தீர்ந்துபோனால் கைநீட்ட வேறு மருந்துகள் அதிகம் இல்லை என்ற நிலை அப்போது வெட்டவெளிச்சமானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதல் முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டது. 19 பூஞ்சைகள் அல்லது பூஞ்சைக் குழுக்கள். அவற்றில் மிகத் தீவிரமான வரிசையில் நான்கு: கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ், கேண்டிடா அல்பிகன்ஸ். கேண்டிடா ஆரிஸைத் தவிர மற்ற மூன்றும் கீழே திரும்பத் திரும்ப வரும்.

சரி, அமினோ அமிலத்துக்கு வருவோம். புரதம் கட்டத் தேவையான 20 அமினோ அமிலங்களில் 9-ஐ நம் உடலால் செய்ய முடியாது: லைசின், மெத்தியோனின், த்ரியோனின், டிரிப்டோபன், ஃபினைல்அலனின், லூசின், ஐசோலூசின், வாலின், ஹிஸ்டிடின். பருப்பு, முட்டை, பால், மீன் வழியாக வந்தால்தான் உண்டு. மேலே சொன்ன பூஞ்சைகளோ கொஞ்சம் சர்க்கரையும் ஒரு நைட்ரஜன் உப்பும் கந்தகமும் கொடுத்தால் 20-ஐயும் தாமே செய்துகொள்ளும். அதற்காக அவற்றிடம் டஜன் கணக்கில் நொதிகள் இருக்கின்றன. அந்த நொதிகளில் பல நம்மிடம் அறவே இல்லை. நம்மிடம் இல்லாத ஒன்றை அடைத்தால் நமக்கு நஷ்டம் இல்லை. மருந்து தேடுகிறவர்களுக்கு இதைவிட ஆசை காட்டும் இலக்கு வேறில்லை.

ஆசை காட்டியதில் முன்னால் நின்றது லைசின். பாக்டீரியாவும் தாவரங்களும் லைசினை ஒரு பாதையில் செய்கின்றன. பூஞ்சைகள் முற்றிலும் வேறொரு பாதையில், ஆல்ஃபா அமினோஅடிபேட் வழியாகச் செய்கின்றன. அதன் முதல் படியைச் செய்யும் நொதி ஹோமோசிட்ரேட் சிந்தேஸ். 2010-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த நொதியின் மரபணுவை நீக்கிப் பார்த்தன. ஜெர்மனியில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸில் நீக்கினார்கள். எலிகளின் நுரையீரலில் நோய் உண்டாக்கும் சக்தி அதற்கு வெகுவாகக் குறைந்துபோனது. போலந்தில் கேண்டிடா அல்பிகன்ஸில் நீக்கினார்கள். லைசின் இல்லாத ஆய்வகத் தட்டில் அது வளரவில்லை, ஆனால் எலிக்குள் போனதும் பழையபடி நோயை உண்டாக்கியது. ஒரே நொதி, இரண்டு பூஞ்சை, நேர் எதிரான விடை.

காரணத்தைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் ரத்தமே ஒரு நிறைந்த பண்டகசாலை. வாலின் மட்டும் லிட்டருக்கு 200 மைக்ரோமோல் அளவுக்கு மிதந்துகொண்டிருக்கிறது. லைசினும் அதே மாதிரிதான், கொஞ்சம் முன்பின். மெத்தியோனின் குறைவு, சுமார் 25. அப்புறம் திசுக்களில் இருக்கும் புரதம் வேறு. கேண்டிடா புரதத்தை வெட்டும் நொதிகளை வெளியே சுரந்து, வரும் துண்டுகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டில் உலை வைக்க முடியாமல் செய்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிடுகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் விதைத்துகள் நுரையீரலின் காற்றறையில் விழும்போது ஆரம்பத்தில் அவ்வளவு சாப்பாடு கைக்கெட்டுவதில்லை, முளைக்கும் முன்பே நோயெதிர்ப்புச் செல்கள் வந்துவிடுகின்றன. அதனால்தான் அங்கே லைசின் பாதை அவ்வளவு முக்கியமானது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பாக்டீரியா மருந்து ஆராய்ச்சியிலும் இதே பாடம் படிக்க வேண்டியிருந்தது. கொழுப்பு அமிலம் தயாரிக்கும் பாதையை அடைக்கும் மருந்துகளுக்காகப் பெரிய நிறுவனங்கள் நிறைய செலவு செய்த பிறகு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் நம் ரத்தத்தில் உள்ள கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கொண்டே பிழைத்துக்கொள்ளும் என்று 2009-இல் காட்டினார்கள். ஆய்வகத் தட்டில் "இது இல்லாமல் உயிர் வாழாது" என்று சொல்வதும், நோயாளியின் உடலில் அதையே சொல்வதும் ஒன்றல்ல.

ஆனால் எல்லாப் பூஞ்சையும் கேண்டிடா மாதிரி பெருந்தீனிக்காரன் இல்லை. எய்ட்ஸ் நோயாளிகளின் மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் வேறு குணம். அமோனியா போன்ற சுலபமான நைட்ரஜன் கிடைக்கும் வரை வெளியிலிருந்து அமினோ அமிலங்களை எடுப்பதில் அது அக்கறை காட்டுவதில்லை. உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் அடங்கியே கிடக்கும். பிரேசிலில் சாவ் பாவ்லோ குழு ஒன்று, கிரிப்டோகாக்கஸில் டிரிப்டோபன் தயாரிக்கும் மரபணுக்கள் சிலவற்றை நீக்கவே முடியவில்லை என்று 2015-இல் எழுதியது. தட்டில் டிரிப்டோபன் ஊற்றிக் கொடுத்தும் முடியவில்லை. மெத்தியோனின் பாதையில் முடக்கப்பட்ட கிரிப்டோகாக்கஸ் எலிகளில் நோய் உண்டாக்கவில்லை என்பது அதற்கும் முன்பே தெரியும். ஆக, அமினோ அமிலப் பாதையை அடைக்கும் மருந்து முதலில் எந்த நோய்க்கு வரும் என்று என்னைக் கேட்டால், நான் கிரிப்டோகாக்கஸ் பக்கம்தான் கைகாட்டுவேன். அந்த நோய்க்கான மருந்துகள் பழையவை, அதிகம் பாதிக்கப்படுவது ஏழை நாடுகள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பட்டினி போடுவது ஒரு வழி. தேங்க வைப்பது இன்னொரு வழி. ஓடுகிற வாய்க்காலில் கதவை அடைத்தால் கீழே வயல் காயும். அதே நேரம் மேலே தண்ணீர் ஏறி கரை உடையும். வயல் காய்வதை மழை ஈடுகட்டலாம். கரை உடைவதை எந்த மழையும் ஈடுகட்டாது. அமினோ அமிலப் பாதையில் சில நொதிகளை அடைத்தால் அவற்றுக்கு முந்தைய இடைப்பொருள் செல்லுக்குள் குவிகிறது. அது விஷமாக இருந்தால் வெளியே எவ்வளவு சாப்பாடு கொட்டிக் கிடந்தாலும் பூஞ்சைக்குப் பெரிய உதவி இல்லை.

த்ரியோனின் இதற்கு நல்ல உதாரணம். அஸ்பார்டேட்டில் தொடங்கும் பாதை ஹோமோசெரின் என்ற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மெத்தியோனினுக்குப் போகும், இன்னொன்று த்ரியோனினுக்கு. த்ரியோனின் கிளையின் முதல் நொதி ஹோமோசெரின் கைனேஸ். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் கிங்ஸ்பரி, மெக்கஸ்கர் இருவரும் இந்த நொதியை இழந்த ஈஸ்ட்டையும் கேண்டிடாவையும் 2010-இல் ஆராய்ந்தார்கள். நொதி போனதும் ஹோமோசெரின் விஷமாக மாறுவதைப் பார்த்தார்கள். அது த்ரியோனினைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு தொந்தரவு செய்கிறது என்பது அவர்கள் ஊகம். அதிகமாக த்ரியோனின் கொடுத்தால் இந்த விஷம் முறிகிறது, மற்ற அமினோ அமிலங்களால் முறிவதில்லை. அப்படியென்றால் ரத்தத்தில் உள்ள த்ரியோனின் காப்பாற்றிவிடுமே என்று கேட்கலாம். அதையும் பார்த்தார்கள்: இந்த நொதி இல்லாத பூஞ்சை ரத்தச் சீரத்தில் வேகமாகச் செத்தது, எலிகளிலும் வலுவிழந்தது. வளர்ச்சி நிற்பது வேறு, சாவது வேறு. ஃப்ளூகோனசோல் கேண்டிடாவை வளரவிடாமல் தடுக்கும், பெரும்பாலும் கொல்லாது; நோயெதிர்ப்பு குறைந்த நோயாளிக்குக் கொல்லும் மருந்துதான் வேண்டும்.

இதே பாதையில் ஒரு படி முன்னால் ஜப்பானியர்கள் 1980-களிலேயே ஒரு பொருளைப் பிடித்துவிட்டார்கள். ஆர்.ஐ.331 என்று பெயர். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியா சுரப்பது. ஹோமோசெரின் செய்யும் நொதியிலேயே போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. எலிகளில் கேண்டிடா தொற்றுக்கு எதிராகப் பலன் காட்டியது. அப்படியும் மருந்தாக வரவில்லை. என் கணிப்பில், அது அடைத்த இடம் ஹோமோசெரினைக் குவிப்பதில்லை, குறைக்கிறது. வயலைக் காயவைக்கிறது, கரையை உடைப்பதில்லை. ஒரே ஒரு படி கீழே அடைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

அடுத்து மெத்தியோனின். இதைத்தான் நான் மிகவும் நம்பிக்கையோடு பார்க்கிறேன். மெத்தியோனின் சிந்தேஸ் என்ற நொதி நம்மிடமும் இருக்கிறது, இந்தப் பூஞ்சைகளிடமும் இருக்கிறது. ஆனால் நம்முடையது வைட்டமின் பி12 இல்லாமல் வேலை செய்யாது. இவற்றினுடையதுக்கு பி12 தேவையே இல்லை. பெயர் ஒன்றுதான், கட்டமைப்பில் சம்பந்தமே கிடையாது. அதனால் ஒன்றை அடைத்து மற்றதைத் தொடாமல் விடுவது சாத்தியம். கேண்டிடா அல்பிகன்ஸில் இந்த மரபணு உயிருக்கு அவசியமானது என்று 2007-இல் டெக்சாஸ் குழு ஒன்று காட்டியது.

மான்செஸ்டரில் ஹோர்கே அமிச்சின் குழு 2020-இல் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸில் செய்த வேலையை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அவர்கள் அந்த மரபணுவை நீக்கவில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுத்தால் அணைந்துபோகும் ஒரு ஸ்விட்சை அதற்கு முன்னால் வைத்தார்கள். ஸ்விட்சை அணைத்ததும் பூஞ்சை வளரவில்லை. மெத்தியோனின் ஊற்றினார்கள், அப்போதும் வளரவில்லை. உள்ளே பார்த்தால் வளர்சிதை மாற்றமே சமநிலை தவறி, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு குறைந்துபோயிருந்தது. மெத்தியோனின் இல்லாததால் வந்த பஞ்சம் இல்லை இது. அந்த நொதி நின்றதால் உண்டான குளறுபடி. இந்த நொதிதான் ஃபோலேட் (ஒரு பி வைட்டமின்) சுற்றுக்கும் மெத்தியோனின் சுற்றுக்கும் நடுவில் நிற்கும் சந்தி. சந்தியை மறித்தால் இரண்டு பக்கமும் போக்குவரத்து நிற்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் கேட்ட இன்னொரு கேள்வி. பொதுவாக மரபணு நீக்கிய பூஞ்சையை எலிக்குச் செலுத்தி, "நோய் வரவில்லை, ஆகவே இது நல்ல இலக்கு" என்று எழுதிவிடுவார்கள். நிஜத்தில் நோயாளி மருத்துவரிடம் வரும்போது தொற்று ஏற்கெனவே வேரூன்றியிருக்கும். முளைக்கும் முன் தடுப்பதும், வளர்ந்து திசுவைக் குடைந்துகொண்டிருக்கும் பூஞ்சையை நிறுத்துவதும் வெவ்வேறு வேலை. அவர்கள் தொற்று நிலைபெற்ற பிறகு ஸ்விட்சை அணைத்துப் பார்த்தார்கள். அப்போதும் வளர்ச்சி நின்றது. இந்த அமினோ அமிலத் துறையில் பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையைச் செய்யவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஏமாற மாட்டீர்கள். இந்த நொதியிலும் ஒரு சிக்கல் உண்டு. வேறு சில பொருள்களைக் கொடுத்தால் வளர்ச்சி திரும்புகிறது என்பதையும் அதே கட்டுரையில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது நம் நெல்வயலுக்குப் போவோம். வாலின், லூசின், ஐசோலூசின் மூன்றும் ஒரே பாதையில் தொடங்குகின்றன. முதல் நொதி அசிட்டோஹைட்ராக்ஸி ஆசிட் சிந்தேஸ். தாவரங்களுக்கும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உண்டு, விலங்குகளுக்கு இல்லை. 1970-களில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் ஜார்ஜ் லெவிட் கண்டுபிடித்த சல்ஃபோனைல்யூரியா களைக்கொல்லிகள் அடிப்பது இந்த நொதியைத்தான். ஏக்கருக்குச் சில கிராம் போதும், களை மடியும். நம் ஊரில் நெல்லுக்கு அடிக்கும் ஆல்மிக்ஸில் இருக்கும் இரண்டு பொருளில் ஒன்று குளோரிமூரான் எத்தில். அது இந்த வகைதான்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து லூக் கடாட்டின் குழு இந்தக் களைக்கொல்லிகளை எடுத்துக் கேண்டிடா அல்பிகன்ஸின் நொதி மேல் போட்டுப் பார்த்தது. 2018-இல் வந்த முடிவு என்னை நாற்காலியில் நிமிர வைத்தது. நொதியை முடக்க லிட்டருக்கு ஒரு நானோமோலுக்கும் (மைக்ரோமோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே, 800 பிகோமோல் அளவே போதுமாக இருந்தது. குளோரிமூரான் எத்தில் ஐந்து கேண்டிடா இனங்களையும் கிரிப்டோகாக்கஸையும் தடுத்தது; சிலவற்றில் 7 நானோமோலிலேயே வளர்ச்சி பாதியாகிவிட்டது. கேண்டிடா தொற்றிய எலிகளில் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் மூன்றிலும் பூஞ்சை குறைந்தது, சாவும் குறைந்தது. அசோல் மருந்தான இட்ராகோனசோலோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. எலியின் ரத்தத்திலும் வாலின் இருக்கிறது, லூசின் இருக்கிறது. இருந்தும் பலன் தெரிந்தது. இந்தப் பாதையை இழந்த பூஞ்சை வெறுமனே வளராமல் நிற்பதில்லை, சாகவே செய்கிறது என்று முன்பு சொன்ன டியூக் குழு ஏற்கெனவே காட்டியிருந்தது. இரண்டும் பொருந்திப்போகிறது.

இங்கே இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, வயலுக்கு வாங்கிய களைக்கொல்லிப் பொட்டலம் மருந்தல்ல. அதில் கலந்திருக்கும் மற்ற வேதிப்பொருள்கள் உடலுக்குள் போவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. படர்தாமரைக்குத் தடவிப் பார்க்கலாமா என்று யாரும் நினைக்கக் கூடாது. அப்புறம், சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளும் சல்ஃபோனைல்யூரியாதான். பெயரையும் மூலக்கூறின் ஒரு துண்டையும் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். அவை கணையத்தில் இன்சுலினைச் சுரக்கத் தூண்டுகின்றன. பூஞ்சைக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை.

இரண்டாவது விஷயம் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. குளோர்சல்ஃபூரான் களைக்கொல்லி 1982-இல் சந்தைக்கு வந்தது. ஐந்தே ஆண்டில், 1987-இல், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் அதற்கு மசியாத களை வந்துவிட்டது. ஈஸ்ட்டிலும் அப்படித்தான்: நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. இது ஆய்வகத்தில் அவ்வளவு சுலபமாக நடப்பதால், எதிர்ப்பு பெற்ற அந்த மரபணுவையே அடையாளக் குறியாக வைத்துப் பூஞ்சைகளில் மரபணு மாற்றம் செய்கிறார்கள். அசோல்களில் நாம் பட்டது இதே துன்பம்தான். நெதர்லாந்தில் வயலிலும் பூந்தோட்டத்திலும் தெளித்த அசோல் பூஞ்சைக்கொல்லிகள், மண்ணில் வாழும் ஆஸ்பெர்ஜில்லஸைப் பழக்கப்படுத்தின. அதை மூச்சில் இழுத்த நோயாளிக்கு முதல் நாளிலேயே மருந்து வேலை செய்யவில்லை. சோதனையின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஓலோரோஃபிம் என்ற புதிய மருந்துக்கும், பயிருக்கு அடிக்கும் இப்ஃப்ளூஃபெனோகுயின் என்ற பூஞ்சைக்கொல்லிக்கும் ஒரே இலக்கு. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் மற்றதும் பலிக்காது. களைக்கொல்லியின் இலக்கையே மருந்துக்கும் எடுத்துக்கொண்டால் மருந்து பிறக்கும் முன்பே வயலில் எதிர்ப்பு பிறந்திருக்கும் ஆபத்து உண்டு. பெரும்பாலும் மனித உடலில் வாழப் பழகிய கேண்டிடா அல்பிகன்ஸுக்கு இந்த ஆபத்து குறைவு. மண்ணில் வாழும் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு அதிகம். எனவே நொதியின் அதே பள்ளத்தில் உட்காரும் மூலக்கூறைத் தேடாமல், அதே நொதியில் வேறு இடத்தைத் தேடுவது நல்லது என்பது என் கருத்து.

இந்தத் துறையில் மருந்துகள் ஏன் கண்ணில் படாமலே போயின என்பதற்கு ஒரு சாதாரண காரணமும் இருக்கிறது. சோதனை ஊடகம். புதிய பொருள் பூஞ்சையைத் தடுக்கிறதா என்று பார்க்க உலகம் முழுவதும் ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற திரவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். மனித வெள்ளணுக்களை வளர்ப்பதற்காக உருவாக்கியது அது. நம் செல்கள் செய்ய முடியாத அமினோ அமிலங்கள் அத்தனையும் அதில் கரைந்திருக்கும். அதில் வைத்துச் சோதித்தால் அமினோ அமிலம் தயாரிப்பைத் தடுத்துப் பட்டினி மட்டும் போடும் பொருள் எதுவும் வேலை செய்யாத மாதிரியே தெரியும். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சலித்தெடுத்த பெரிய தேடல்களில் எத்தனை நல்ல பொருள்கள் இப்படிச் சல்லடையிலேயே நழுவிப் போயினவோ. எதிர்ப்பக்கமும் தவறு நடக்கிறது. அமினோ அமிலமே இல்லாத ஊடகத்தில் வைத்துவிட்டு "ஆகா, அற்புதமான மருந்து" என்று எழுதுகிறார்கள். ரத்தச் சீரத்தில் போட்டால் ஒன்றும் நடக்காது. கனடாவிலும் போலந்திலும் கண்டுபிடித்த சில தடுப்பான்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றுவிட்டன.

தயாரிப்பை விட்டுவிட்டுப் பயன்பாட்டைத் தாக்கியவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் கூடுதல். செய்த அமினோ அமிலத்தை ஆர்.என்.ஏ. மீது ஏற்றிப் புரதத் தொழிற்சாலைக்கு அனுப்பும் நொதிகள் உண்டு. சிஸ்பென்டாசின் என்ற இயற்கைப் பொருளிலிருந்து பேயர் நிறுவனத்தில் பிறந்த இகோஃபஞ்சிபென், ஐசோலூசினை ஏற்றும் நொதியை முடக்குகிறது. அதன் அழகு என்னவென்றால், அது ஓர் அமினோ அமிலத்தைப் போலவே இருப்பதால், கேண்டிடா தன் பேராசையில் அதை வாரி வாரி உள்ளே சேர்த்துக்கொள்கிறது. கேண்டிடாவின் பலத்தையே பலவீனமாக்கிய யோசனை. எச்.ஐ.வி. நோயாளிகளின் வாய்ப்புண்ணில் இரண்டாம் கட்டச் சோதனை வரை போனது. புண் ஆறினாலும் பூஞ்சை எதிர்பார்த்த அளவு ஒழியவில்லை. அத்தோடு நின்றுவிட்டது.

கடைவரை வந்தது ஒன்றுதான்: தவபோரோல். லூசினை ஏற்றும் நொதியைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் போரான் அணு உள்ள சின்ன மூலக்கூறு. 2014 ஜூலையில் அமெரிக்காவில் நகச்சொத்தைக்கு அனுமதி கிடைத்தது. நகத்துக்கு மேல் தடவுவதுதான், உள்ளே சாப்பிடுவது இல்லை. இரண்டு பெரிய சோதனைகளில் முழுமையாகக் குணமானவர்கள் 6.5 சதவீதமும் 9.1 சதவீதமும். வெறும் கரைசல் தடவியவர்களில் 0.5, 1.5 சதவீதம். எண்ணிக்கை சிறியது, ஆனால் நகம் அப்படிப்பட்ட இடம். தடித்த நகத்துக்குள் மருந்து ஊடுருவுவதே பெரிய காரியம். அமினோ அமிலத்தைக் கையாளும் ஒரு நொதியைப் பிடித்துப் பூஞ்சை மருந்து செய்ய முடியும் என்பதற்கு இது கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி.

இன்னொரு கோணத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமினோ அமிலம் பூஞ்சைக்கு உணவு மட்டுமல்ல, ஆயுதமும் கூட. நம் வெள்ளணு கேண்டிடாவை விழுங்கி அமிலப் பையில் அடைக்கிறது. உள்ளே கேண்டிடா அமினோ அமிலங்களைச் சிதைத்து அமோனியாவை வெளியேற்றுகிறது. பையின் அமிலத்தன்மை மாறுகிறது. உடனே அது நூல்நூலாக நீண்டு, வெள்ளணுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. ஹூஸ்டனில் மைக்கேல் லோரென்ஸ் குழு 2010-களின் தொடக்கத்தில் இதைப் படிப்படியாக நிரூபித்தது. அமினோ அமிலங்களை உள்ளே உறிஞ்சக் கட்டளையிடும் புரதத்தை நீக்கினால் கேண்டிடா பைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பண்டகசாலை என்று மேலே சொன்னேனே, அதன் வாசலை மூடுவதும் ஒரு மருந்துதான். ஆனால் கடத்திப் புரதங்கள் ஒன்றிரண்டு இல்லை, ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. ஒன்றை மூடினால் இன்னொன்று திறக்கும். அவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் எழுப்பும் அந்தக் கட்டளைப் புரதத்தைத்தான் பிடிக்க வேண்டும். அது நொதி இல்லை என்பதால் அதற்கு மூலக்கூறு தேடுவது கடினம்.

கேட்டவர் முதுகலைத் திட்டப்பணிக்கு யோசிப்பதாகவும் சொன்னார். நான் தொடங்கும் இடம் இதுதான். ஒரே பூஞ்சையை மூன்று கிண்ணத்தில் வையுங்கள்: அமினோ அமிலம் இல்லாத ஈஸ்ட் ஊடகம், ஆர்.பி.எம்.ஐ., ரத்தச் சீரம். மூன்றிலும் அதே தடுப்பானைப் போடுங்கள். முதல் கிண்ணத்தில் மட்டும் வேலை செய்தால் அது பட்டினி. மூன்றிலும் வேலை செய்தால் உள்ளே எதுவோ தேங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்து, தேங்குவது எது என்று பாருங்கள். அப்புறம் 24 மணி நேரம் கழித்து அந்தச் சீரத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து, மருந்து இல்லாத வளமான தட்டில் பூசுங்கள். மறுபடி முளைத்தால் அது நின்றிருந்தது, அவ்வளவுதான். முளைக்காவிட்டால் செத்துவிட்டது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கேண்டிடா அல்பிகன்ஸ் உயிர்ப்பாதுகாப்பு இரண்டாம் நிலை வசதியுள்ள கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். தடுப்பானாகத் தூய குளோரிமூரான் எத்திலை வேதிப்பொருள் விற்பவர்களிடம் வாங்குங்கள், உரக்கடையில் அல்ல.